நடக்கச் சொன்ன டாக்டர்

1955-ம் வருடம் செப்டம்பர் 24-ந் தேதி, சனிக்கிழமை. பொழுது விடிய இன்னும் பல மணி நேரம் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் தம் மாமியார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சில் கடுமையான வலி கண்டு விழித்துக்கொண்டார்.

முதல் நாள் அவர் விடுமுறையை உற்சாகமாகக் கழித்திருந்தார். கோல்ப் மைதானத்தில் 27 குழிகள் ஆடினார். நடுவில் பச்சை வெங்காயம் வைத்த இறைச்சி ரொட்டி சாப்பிட்டார். பிற்பகலிலேயே வயிறு சரியில்லை என்று சொன்னார். வெங்காயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். இரவில் வந்து பார்த்த சொந்த டாக்டர் வலி தணிய மார்பியா ஊசி போட்டார். காலையில் நிருபர்களுக்குக் கிடைத்த செய்தி, ஜனாதிபதிக்கு அஜீரணம் என்பதுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் இருதயத் துடிப்பைப் படமெடுக்கும் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வந்திருப்பது மாரடைப்பு என்று அப்போதுதான் உறுதியாயிற்று.

உலகத்தின் மிகப் பெரிய பதவியில் இருந்தவருக்கே பத்து மணி நேரம் வீணாயிற்று. அஜீரணம் போல் வேஷம் போட்டுக்கொண்டு வருவது மாரடைப்பின் பழைய குணம். சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் எத்தனை பேர் மறுநாள் எழுந்திருக்கவில்லை!

திங்கட்கிழமை நியூயார்க் பங்கு மார்க்கெட் திறந்ததும் விலைகள் சரிந்தன. ஒரே நாளில் சுமார் 1,400 கோடி டாலர் நஷ்டம். 1929-ம் வருடத்துக்குப் பின் அப்படி ஒரு சரிவு ஏற்பட்டதில்லை. ஜனாதிபதி பிழைப்பாரா, பிழைத்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பாரா என்பதுதான் எங்கும் பேச்சு.

அதற்கு முந்தின நாளே பாஸ்டன் நகரிலிருந்து ராணுவ விமானம் ஒன்று டென்வரில் வந்து இறங்கியிருந்தது. அதில் வந்தவர் ஒல்லியான உடல்வாகும் மெல்லிய மீசையும் கொண்ட 69 வயதுப் பெரியவர். அவர்தான் டாக்டர் பால் டட்லி ஒயிட். நோயாளியைவிட வைத்தியருக்கு ஐந்து வயது அதிகம்!

குதிரை வண்டிப் பையன்

ஒயிட் பிறந்தது 1886-ம் வருடம் ஜூன் 6-ந் தேதி, பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில். தந்தை குடும்ப டாக்டர். குதிரை வண்டியில் வீடு வீடாகப் போய் வைத்தியம் செய்வார். மகனும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான். நோயாளியின் வீட்டுக்குள் டாக்டர் நுழைந்ததுமே அந்த வீட்டாரின் முகத்தில் ஏற்படும் மாறுதலை அவன் அந்த வயதிலேயே பார்த்தான்.

அவருடைய குடும்பத்தையும் இருதய நோய் விடவில்லை. சகோதரி ஒருத்தியை வாதக் காய்ச்சலால் வந்த இருதயக் கோளாறு கொண்டுபோயிற்று. அந்தக் காலத்தில் இளம் வயதினரின் இருதயத்தைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தக் காய்ச்சல்தான். பென்சிலின் வருவதற்கு வெகு காலம் இருந்தது.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1911-ல் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1913-ல் லண்டனுக்குப் போனார். அங்கே தாமஸ் லூயிஸ் என்ற மேதையிடம் புதுக் கலை ஒன்றைக் கற்றார். இருதயத்தின் மின்சாரத் துடிப்பைக் கோடுகளாகப் பதிவு செய்யும் கலை அது. இன்று சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். அன்று அந்தக் கருவி ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

பாஸ்டன் திரும்பிய இளைஞரைப் பெரிய டாக்டர்கள் சிலர் எச்சரித்தார்கள். இருதயம் என்ற ஒரே உறுப்பை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது, எதிர்காலம் பாழாகிவிடும் என்றார்கள். ஒயிட் கேட்கவில்லை. 1924-ல் அமெரிக்க இருதய சங்கத்தைத் தொடங்கிய ஆறு டாக்டர்களில் அவர் ஒருவர். 1930-ல் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து அவர் விவரித்த ஒரு துடிப்புக் கோளாறு இன்றும் மூவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1931-ல் வெளிவந்த அவருடைய இருதய நோய்ப் புத்தகம் ஒரு தலைமுறை டாக்டர்களுக்குப் பாடப் புத்தகமாயிற்று.

ஆறு வாரச் சிறை

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் மாரடைப்புக்கு ஒரே வைத்தியம் படுக்கை. ஆறு வாரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். புரளக் கூடாது. சாப்பாட்டை நர்ஸ் ஊட்டிவிடுவாள். முகச் சவரம்கூட வேறொருவர் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் அவர் பாதி மனிதர்தான். வேலையை விடு, மாடி ஏறாதே, எதையும் தூக்காதே என்று வீட்டார் காவல் காப்பார்கள். மாரடைப்பில் சாகாதவர்கள் பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தார்கள்.

இந்தச் சிறைக்குப் பூட்டுப் போட்டவர்களில் ஒயிட்டும் ஒருவர். 1939-ல் அவரும் இரு சகாக்களும் மாரடைப்பால் இறந்த 72 பேரின் இருதயங்களைச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அடிபட்ட இருதயச் சதை ஆறித் தழும்பாவதற்கு வாரக் கணக்கில் ஆகிறது, பெரிய காயமானால் இரண்டு மாதம் பிடிக்கிறது என்று கண்டார்கள். கண்டது உண்மைதான். ஆனால் காயம் ஆறும் வரை உடம்பு அசையவே கூடாது என்று அதற்குப் பொருள் செய்துகொண்டார்கள் டாக்டர்கள்.

அசையாமல் கிடந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி சிலருக்கு நுரையீரலுக்குப் போய் அடைத்தது. இருதயம் பிழைத்தும் மனிதன் பிழைக்கவில்லை.

அதே பாஸ்டனில் சாமுவேல் லெவின் என்ற டாக்டர், தம் இளம் சகா பெர்னார்டு லவுனுடன் சேர்ந்து 1952-ல் ஒரு காரியம் செய்தார். மாரடைப்பு வந்தவர்களைச் சில நாட்களிலேயே தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். கொலைக் குற்றம் செய்வது போல் மற்ற டாக்டர்கள் பார்த்தார்கள். ஆனால் உட்கார்ந்தவர்கள் தேறினார்கள். முகத்தில் களை வந்தது.

ஒயிட்டின் மனத்தில் வெகு நாளாக ஊறிக்கொண்டிருந்த எண்ணமும் இதுவே. அவருடைய குரு லூயிஸ் முதல் உலக யுத்தத்தின்போது, படபடப்பு என்று படுக்கையில் போடப்பட்ட ஏராளமான சிப்பாய்களை எழுப்பிப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தவர். படுக்க வைத்தபோது தேறாதவர்கள், நடக்க வைத்ததும் தேறினார்கள்.

காலில் ஒரு பம்பு

நடப்பதற்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. கால் விரல் வரை ரத்தம் இறங்குவதில் சிரமமில்லை. திரும்பி மேலே ஏறுவதுதான் கஷ்டம். கெண்டைக்கால் சதை அங்கே உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அந்தச் சதை இறுகி, உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களைப் பிழிகிறது. ரத்தம் மேலே எழும்புகிறது. கீழே திரும்பி விழாதபடி குழாய்களுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் உலகுக்குச் சொன்ன ஆங்கில டாக்டர் வில்லியம் ஹார்வி, இந்தக் கதவுகளைத் தம் வாதத்துக்கு ஒரு முக்கிய சாட்சியாகக் கொண்டார்.

நாற்காலியில் மணிக் கணக்காக உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பம்பு நின்றுவிடுகிறது. மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுகுவது அதனால்தான். இதற்கு மருந்து வேண்டியதில்லை. மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும். ஆனால் வீக்கம் ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, வலியோடு இருந்தாலோ, இரவு தூங்கி எழுந்தும் வடியாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

ஒயிட் இதை ஊருக்கு உபதேசமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. லிப்ட் இருக்கும் இடத்திலும் படி ஏறினார். கிராமத்து வீட்டில் விறகு பிளந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகச் சைக்கிள் விட்டார். அமெரிக்காவில் அப்போது சைக்கிள் சிறு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். வீட்டுக்கு வீடு கார் வந்துவிட்ட தேசம் அது. அங்கே கோட்டும் டையும் அணிந்த கிழ டாக்டர் சைக்கிளில் போவதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. சிரித்தவர்களும் உண்டு.

சிரித்தவர்களுக்குப் பதில் லண்டனிலிருந்து வந்தது. 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறி இறங்குபவர். ஒரே பஸ், ஒரே கம்பெனி. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது.

ஓட்டக்காரரின் இருதயம்

ஒயிட்டின் கைக்கே இன்னொரு அத்தாட்சி வந்து சேர்ந்தது.

பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தை ஏழு தடவை ஜயித்தவர் கிளாரன்ஸ் டிமார். தொழில், அச்சுக் கோப்பது. 1911-ல் ஓடப் போகும்போது டாக்டர்கள் அவர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, இத்துடன் ஓட்டத்தை விட்டுவிடு என்றார்கள். அன்று அவர் பந்தயத்தை ஜயித்தார்! அதன் பிறகு பல வருடம் அந்தப் பந்தயத்தில் பெரும்பாலும் கலந்துகொள்ளாமல் இருந்தார். 1922-ல் திரும்பி வந்து மறுபடியும் ஜயித்தார். கடைசி வெற்றி 1930-ல், 41-வது வயதில். முதுமையிலும் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

1958-ல் டிமார் 70 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஒயிட்டும் அவருடைய சகா கரன்ஸும் அவர் இருதயத்தைப் பற்றி 1961-ல் எழுதினார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் சாதாரண மனிதனுக்கு இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. குழாய்ச் சுவரில் கொழுப்பு படியாமல் இல்லை. எல்லோருக்கும் போல் கொஞ்சம் படிந்துதான் இருந்தது. ஆனால் வாய்க்கால் அகலமாக இருந்ததால் வண்டல் அடைக்கவில்லை. ஒரே மனிதரின் இருதயத்தை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாதுதான். அவர் பிறவியிலேயே அகன்ற குழாய்களோடு பிறந்திருக்கலாம். இருந்தாலும், ஓடினால் இருதயம் தேய்ந்துவிடும் என்ற பழைய பயத்துக்கு அது பெரிய அடி.

டென்வரில் ஒரு பாடம்

இனி டென்வருக்குத் திரும்புவோம்.

ஐசனோவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அதில் ஒன்று வார்பரின். கெட்டுப்போன புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டி இறந்த காரணத்தைத் தேடப் போய்க் கிடைத்த சரக்கு அது. எலி பாஷாணமாக விற்றுக்கொண்டிருந்ததை அப்போதுதான் மனிதர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒயிட் நிருபர்களைக் கூட்டினார். மாரடைப்பு என்றால் என்ன, எந்தக் குழாய் அடைபடுகிறது, சதை எப்படி ஆறுகிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் போல் விளக்கினார். ஜனாதிபதிக்குக் காலைக் கடன் ஒழுங்காகக் கழிந்தது என்பதையும் விடவில்லை. பத்திரிகைகள் நெளிந்தன. ஐசனோவருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் நோயாளி முக்கித் திணறாமல் இருப்பது இருதயத்துக்கு நல்லது என்பது டாக்டர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வாரத்தில் அமெரிக்க ஜனங்கள் இருதயத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது அதற்கு முன் ஐம்பது வருடத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகம் என்று சொல்லலாம்.

பழைய ஆறு வாரச் சிறை ஐசனோவருக்கு விதிக்கப்படவில்லை. படிப்படியாக நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிறகு நடக்க விட்டார்கள். நவம்பர் 11-ந் தேதி அவர் டென்வரை விட்டுப் புறப்பட்டார். ஒரு காலத்தில் தினம் நான்கு பாக்கெட் சிகரெட் பிடித்தவர் அவர். 1949-ல் ஒரே மூச்சில் விட்டிருந்தார். இப்போது எடையும் கொழுப்பும் கணக்குக்கு வந்தன.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. 1956 தேர்தலில் அவர் மறுபடி நிற்கலாமா? ஒயிட்டுக்கு அந்தரங்கத்தில் அது அவ்வளவாக விருப்பமில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாரடைப்பு வந்தவன் உதவாக்கரை அல்ல என்று நாடெங்கும் சொல்லி வந்தவரும் அவரே. பிப்ரவரி 14-ந் தேதி அவர் பகிரங்கமாகச் சொன்னார்: இன்னும் ஐந்து முதல் பத்து வருடம் வரை ஜனாதிபதி சுறுசுறுப்பாக வேலை செய்ய முடியும். அதே மாதம் 29-ந் தேதி ஐசனோவர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். அமோகமாக ஜயித்தார். நடுவில் குடல் ஆபரேஷனும், 1957-ல் லேசான பக்கவாதமும் வந்தன. ஆயினும் 1961 ஜனவரி வரை முழுப் பதவிக் காலத்தையும் முடித்தார். இறந்தது 1969-ல், 78-வது வயதில். டாக்டரின் கணக்கு தப்பவில்லை.

தப்பியிருந்தால்? ஒரு தேசத்தின் தலைமையையே பணயம் வைத்த ஜோசியம் அது. ஒயிட் துணிச்சல்காரர்தான்.

கிராமங்களில் தேடிய ரகசியம்

ஒரு நோயாளியைப் பிழைக்கவைப்பதைவிட, நோய் வராமல் தடுப்பது மேல் என்ற நினைப்பு அவரை ஊர் ஊராகச் சுற்றவைத்தது. 1948-ல் தொடங்கிய பிராமிங்ஹாம் ஆராய்ச்சிக்கு அவர் ஆலோசகர். பாஸ்டனுக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூரில் 5,209 ஆண் பெண்களைப் பதிவு செய்து வருடக் கணக்கில் கவனித்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்டரால், சிகரெட் ஆகிய மூன்றும் இருதயத்தின் சத்துருக்கள் என்பது அங்கேதான் உறுதிப்பட்டது. ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளருடன் தென் இத்தாலிக்கும் கிரேக்க நாட்டுத் தீவான கிரீட்டுக்கும் போனார். கீரையும் பருப்பு வகைகளும் ஆலிவ் எண்ணெயும் சாப்பிட்டு, மலைச் சரிவில் ஏறி இறங்கி உழைக்கும் குடியானவர்களிடையே மாரடைப்பு அபூர்வமாக இருந்தது. கீஸ் தம் ஆராய்ச்சிக்கு நாடுகளைப் பொறுக்கிய விதத்தைப் பிற்காலத்தில் சிலர் குறை கூறினார்கள். ஆனால் அந்தச் சாப்பாட்டை இன்றும் டாக்டர்கள் சிபார்சு செய்கிறார்கள்.

திமிங்கிலத்தின் இருதயத் துடிப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1952-ல் அலாஸ்கா கடலில் ஒரு வெள்ளைத் திமிங்கிலத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தார். அது தனிக் கதை.

ஒயிட் தம் நோயாளிகளிடம் கேட்டது அதிகமில்லை. தினம் நட. சிகரெட்டைத் தொடாதே. வாலிபத்தில் இருந்த எடையை நடு வயதிலும் காப்பாற்று. நன்றாகத் தூங்கு. வேலையை நிறுத்தாதே, கவலையை நிறுத்து. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். மற்றவை பணமில்லாமல் யாரும் செய்யக்கூடியவை. பிற்காலத்து ஆராய்ச்சிகள் இந்தப் பட்டியலில் எதையும் அடிக்கவில்லை. அளவு மட்டும் குறித்துக் கொடுத்திருக்கின்றன. வாரத்தில் குறைந்தது 150 நிமிஷம் வேகமாக நடக்கும்படியும், உப்பை நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் நிறுத்தும்படியும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொண்டு, பத்து நிமிஷ நடையில் ஆரம்பித்து மெள்ளக் கூட்டிக்கொண்டு போகலாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, அங்கேயே நின்றுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெங்காயத்தின் மேல் பழி போடக் கூடாது.

இரண்டு கிழவர்கள்

1957 ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோ தீவில் சங்கீத விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உலகப் புகழ் பெற்ற செல்லோ வாத்தியக்காரர் பாப்லோ காசல்ஸ் மாரடைப்பால் சாய்ந்தார். அவருக்கு வயது 80. ஒயிட் அங்கே போய்ப் பார்த்தார். எண்பது வயதுக்காரரிடம் வாத்தியத்தை உறையில் போட்டு மூடச் சொல்வது சுலபம். ஆனால் காசல்ஸ் தேறினார், திரும்ப வில்லைக் கையில் எடுத்தார். 1961 நவம்பரில் ஜனாதிபதி கென்னடியின் எதிரே வெள்ளை மாளிகையில் வாசித்தார். அதன் பின்னும் வருடக் கணக்கில் வாசித்தார்.

1964-ல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திர விருது ஒயிட்டுக்குக் கிடைத்தது. 1971-ல், 85-வது வயதில் அவர் சீனாவுக்குப் போனார். வெகு காலத்துக்குப் பின் அந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட அமெரிக்க டாக்டர்கள் சிலரில் அவரும் ஒருவர். தெருவெல்லாம் சைக்கிளாக இருந்த தேசம்! கிழவருக்குக் கண் குளிர்ந்திருக்கும்.

காசல்ஸ் 1973 அக்டோபர் 22-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு 96 வயது. ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 31-ந் தேதி, பக்கவாத நோய்க்குப் பின் பாஸ்டனில் ஒயிட்டும் கண் மூடினார். வயது 87. பாஸ்டனில் சார்லஸ் நதியின் இரு கரையிலும் செல்லும் சைக்கிள் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். சைக்கிள் விடுகிறவர்களோடு நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் அந்தப் பாதையில் தினமும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.